பத்தின் பதினைந்தாம் அடுக்கு

தாராவியில் தோல் பர்ஸ் தைக்கும் பத்தடி அறை. புதிதாக வாங்கிய தையல் மெஷினை ஆளுக்கொரு பக்கம் தூக்கியபடி காலித்தும் வேலையாள் இஜாஸும் வாசலில் நிற்கிறார்கள். மெஷின் போக வேண்டிய மூலையில் காலித்தின் தங்கை மெஹக் உட்கார்ந்திருக்கிறாள். பதினொன்றாம் வகுப்புப் பாடங்களை அவள் படிக்கிற இடம் அது. வேறு மூலை இல்லை. மெஷின் ஒருதரம் அங்கே உட்கார்ந்துவிட்டால் பிறகு எழுந்திருக்காது. அவள் மடியில் ஒரு கறுப்புத் தோல்துண்டு. கையில் வெட்டுக்கோடு போடும் வெள்ளிநிறப் பேனா. ஒளி ஒரு வருடத்தில் எவ்வளவு தூரம் போகும்? நொடிக்கு 3 × 10⁸ மீட்டர், வருடத்துக்கு 3.15 × 10⁷ நொடி. ட்யூப்லைட்டில் எண்கள் மினுங்குகின்றன. "ஜல்தி எந்திரிட்டி, கை கடுக்கு" என்கிறான் காலித். "கணக்கு முடியட்டும், காக்கா." "எட்டையும் ஏழையும் பெருக்கினா அம்பத்தாறு. போட்டுட்டு எந்திரி." "பத்துக்கு மேல நிக்கிறதைப் பெருக்கப்படாது. கூட்டணும். பதினஞ்சு." தலை நிமிராமலே சொல்கிறாள். இஜாஸின் வியர்வை மெஷின் தகட்டில் சொட்டுகிறது. உம்மா மதீனா பீவி தன் தையலை நிறுத்தவில்லை. மகளை எழுந்திருக்கச் சொல்லவும் இல்லை. 9.45 × 10¹⁵ என்று எழுதி, அதன் அடியில் அழுத்தமாகக் கோடு இழுக்கிறாள் மெஹக். முடிந்தது என்று காலித் ஒரு காலை உள்ளே வைக்கிறான். அவள் தோல்துண்டைத் திருப்பிப் போட்டு, அடுத்த கணக்கை எழுதத் தொடங்குகிறாள்.