மீதி எல்லாம் புகை

கல்யாண மண்டபத்துக்குப் பின்னால் டீசல் ஜெனரேட்டர் ஒன்று கரும்புகை கக்கியபடி ஓடிக்கொண்டிருந்தது. அதை ஓட்டுகிற சவரிமுத்து பக்கத்தில் நின்றிருந்தார். அவருடைய வலது கைத் தசையில், ஒரு செல்லுக்குள்ளே, கண்ணுக்கே தெரியாத குட்டி மோட்டார் ஒன்று சுழன்று சுழன்று அந்தக் கைக்கு வேண்டிய சக்தியைத் தயாரித்துக்கொண்டிருந்தது.

"உள்ளே அத்தனை ஃபேனும் என்னாலதான் சுத்துது. நீ என்னத்தக் கிழிக்கிறே?" என்றது ஜெனரேட்டர்.

"நீங்க குடிக்கிற டீசல்ல எவ்வளவுண்ணே கரண்டாகுது?" என்று கேட்டது மோட்டார்.

"மூணுல ஒரு பங்கு."

"மீதி?"

"புகை, சூடு, சத்தம். அதெல்லாம் இல்லேன்னா நான் உழைக்கிறது நாலு பேருக்கு எப்படித் தெரியும்? உன் கதை என்ன?"

"எனக்கு வர்றதுல அநேகமா எல்லாமே வேலையாயிடுதுண்ணே. வீணாக்க ஒண்ணும் மிஞ்சறதில்ல."

"அதான் உன்னை ஒரு நாயும் திரும்பிப் பார்க்கறதில்ல" என்று சிரித்த ஜெனரேட்டர், சிரிப்பின் நடுவே நாலு முறை இருமிவிட்டு நின்றுபோனது.

சவரிமுத்து ஹேண்டிலைச் செருகிச் சுற்றினார். அவர் காலையில் சாப்பிட்ட நாலு இட்லியை வைத்துக்கொண்டு, குட்டி மோட்டாரும் அதன் கோடிக்கணக்கான கூட்டாளிகளும் அந்தக் கைக்குச் சக்தி கொடுத்தன. ஏழாவது சுற்றில் ஜெனரேட்டர் உயிர் பெற்று, முன்னைவிடப் பலமாக உறுமியது.

அப்போதுதான் மண்டப மேனேஜர் ஓடி வந்தார். நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டிருந்த சவரிமுத்துவை முறைத்தார்.

"அது பாவம், எப்படிக் கத்திக் கத்தி உழைக்குது! நீ என்னய்யா, சும்மா நின்னுக்கிட்டிருக்கே?"