ராம்கிக்குத் தெரியாத நம்பர்

வேலைக்குக் கட்டிப்போன சேலையைக்கூட மாற்றாமல், வாசற்கதவைத் திறந்துவைத்துக்கொண்டு நிற்கிறாள் முனீஸ்வரி. திருப்பரங்குன்றத்து மலைக்குப் பின்னால் இறங்கும் வெயில் வராந்தா வழியாக வந்து, கதவில் பதித்த நம்பர் பூட்டின் கண்ணாடிப் பரப்பில் விழுகிறது. எண்கள் மங்கலாகத்தான் தெரிகின்றன. போன வாரம் டிவி போயிற்று. இன்று பகலில் மிக்ஸி. பூட்டு உடையவில்லை. மகன் ராம்கி நம்பரைப் போட்டு உள்ளே வந்து, விற்றுக் குடிப்பதற்காக அதை எடுத்துக்கொண்டு, கதவையும் ஒழுங்காகச் சாத்திவிட்டுப் போயிருக்கிறான்.

பழைய நம்பரை அழித்தாயிற்று. புது நம்பர் கேட்டுப் பூட்டு விட்டுவிட்டுக் கீச்சிடுகிறது. “நம்ம கல்யாணத் தேதியப் போடு முனீசு,” என்கிறார் சுவரில் சாய்ந்து நிற்கும் கணவர் தங்கப்பாண்டி. “அது அவனுக்குத் தெரியுமே.” “ஒங்கப்பா செத்த வருசம்?” “நெய்ப்பந்தம் பிடிச்சதே அவன்தானங்க.” வீட்டில் நடந்த நல்லது கெட்டது எதையும் குறிக்காத நாலு எண்களை அவள் விரல் தேடித்தேடி அழுத்துகிறது. பூட்டு ஏற்றுக்கொண்டு அடங்குகிறது.

“ராத்திரி வந்தான்னா என்ன செய்வான்?” “பெல் அடிக்கட்டும். தொறக்காமயா இருக்கப்போறோம்?” என்றபடி அவர் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போகிறார். முனீஸ்வரி நகரவில்லை. யாரும் தொடாமல் தூசி படிந்து கிடக்கும் காலிங் பெல்லை முந்தானையால் துடைத்து, கட்டைவிரலால் அழுத்துகிறாள். சத்தமில்லை. அழுத்தி, அப்படியே பிடித்துக்கொண்டு நிற்கிறாள்.

“ஏங்க, பெல் அடிக்கல. இருட்டுறதுக்குள்ள ஆள வரச்சொல்லுங்க.”