ஒன்பது ஊசி

"ஏழு ஊசிம்மா. கழுத்தைச் சுத்தி ஏழு ரேடியம் ஊசி. குத்தின மேனிக்கே எட்டு நாள் படுக்கை."

"ஒன்பது, அண்ணே" என்றது புர்காவுக்குள்ளிருந்து ஒரு களைத்த குரல்.

"ஆங், ஒன்பது. அந்த வலியில எவன் எண்ணினான்?" என்று சிரித்து வைத்தான் இனாயத்.

காலையில் லஸ் முனையில் டிராமை விட்டு இறங்கியதிலிருந்து இது பதினோராவது வீடு. அதே கதை, அதே சிரிப்பு. சித்திரை வெயிலில் கழுத்தை இறுக்கியிருந்த கம்பளி மப்ளர் நனைந்து கனத்தது. பூட்டுப் போட்ட தகர டப்பா தங்கை நஸ்ருன்னிசாவின் கையில் இருந்தது. மத்தியான வேளையில் ஆண்பிள்ளை தனியாகப் போய்த் தட்டினால் மயிலாப்பூரில் எந்தக் கதவும் திறக்காது. அதனால்தான் அவளை அழைத்து வருவதாகக் கேட்டவர்களுக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தான்.

"இந்தப் புத்துநோய்க்கு ஆஸ்பத்திரியில இருக்கிறது ஒரே ஒரு செட்டும்மா. ஒருத்தர் கழுத்துல அது இருக்கிற வரைக்கும் அடுத்தவங்க காத்துக்கினு கிடக்கணும். பக்கத்துக் கட்டில் அம்மா காத்திருந்தே போயிட்டாங்க. இன்னொரு செட் சீமையிலேர்ந்து வரணும். அதுக்குத்தான் இந்த டப்பா."

வக்கீல் சுவாமிநாதனின் மனைவி நிலைப்படியை விட்டு நகராமல் கேட்டுக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பின்னால் கூடத்துத் திரை லேசாக ஆடியது.

"கொஞ்சம் தண்ணி கிடைக்குமாம்மா?" என்றாள் நஸ்ருன்னிசா.

வெளியாட்களுக்கென்று தனியாக வைத்திருந்த பித்தளைச் சொம்பு வந்தது.

"என் தங்கச்சி வீட்டுக்கு வீடு தண்ணி குடிக்கத்தான் வரா" என்றான் இனாயத்.

வராந்தாவின் மூலையில் மூட்டையைப் பிரித்து உட்கார்ந்திருந்த அமீனா பீ கலகலவென்று சிரித்தாள். வீடு வீடாக ஜரிகை லேஸ் விற்பவள். லேஸோடு வரனும் கொண்டுபோய்க் கொடுப்பாள்.

"அந்த மப்ளரைக் கழட்டேன் நைனா. பாக்கிற எனக்கே மூச்சு முட்டுது."

"காத்து படக்கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காரு, சாச்சி."

அமீனா பீ குரலைத் தாழ்த்தினாள். "இன்னா புள்ளை நீ? வெள்ளிக்கிழமை பேசி முடிக்க வராங்க. பொண்ணை இப்படி வெயில்ல இழுத்துக்கினு திரியறியே! மாப்பிள்ளையோட அம்மா ரெண்டு தடவை கேட்டுட்டா, நோவு அண்ணனுக்குத்தானே, பொண்ணுக்கு ஒண்ணும் இல்லியேன்னு. என் புள்ளைங்க மேல சத்தியம் பண்ணிட்டு வந்துகீறேன்."

"நானும் போதும்னுதான் சொல்றேன். எங்க கேக்கிறா?" என்றான் இனாயத். அப்பா போன பிறகு நஸ்ருவுக்கு வந்த நாலாவது வரன் இது. முதல் மூன்றும் வாசலோடு திரும்பிப் போயிருந்தன.

அவன் வக்கீல் வீட்டம்மாவிடம் திரும்பினான். "ஓரணா ஆனாலும் போதும்மா."

அவள் டப்பாவைப் பார்க்கவே இல்லை. "ஊசி குத்தறச்சே மயக்கம் குடுப்பாளா?"

"குடுப்பாங்கம்மா."

"அப்பறம் சாப்பிட முடியறதா?"

இனாயத் தயங்கினான். "கஞ்சிதான்..."

"ஒரு மாசம் கஞ்சி" என்றாள் நஸ்ருன்னிசா. "ஆறு மாசத்துக்கு எதைத் தின்னாலும் மண்ணு மாதிரி இருக்கும். அப்புறம் உப்பு தெரியும். அப்புறம்தான் இனிப்பு."

"கூடவே இருந்தவம்மா" என்றான் இனாயத் அவசரமாக.

வீட்டம்மா திரும்பித் திரையைப் பார்த்தாள். பிறகு படியிறங்கி அருகே வந்தாள்.

"நீ ஆம்பளை, தாங்கிண்டே. உள்ளே என் பொண்ணு இருக்கா. பதினாறு வயசு. காதுக்குக் கீழே எலுமிச்சங்காய் அத்தனை கட்டி. ஆத்துல பத்துப் போட்டுண்டிருக்கோம். ரேடியம் வெச்சா பொம்மனாட்டி உடம்பு கருகிப்போயிடும்னு அவர் விடமாட்டேங்கறார். அவளும் பயந்துண்டு மாட்டேங்கறா." அவள் குரல் உடைந்தது. "ஒரு பொண்ணு, ஒரே ஒரு பொண்ணு பொழைச்சு வந்திருந்தா அவ பேரைச் சொல்லு. அவர் என்ன சொன்னாலும் சரி, நாளைக்குக் கார்த்தால நானே அழைச்சுண்டு போறேன்."

இனாயத் வாயைத் திறந்தான். மூலையில் அமீனா பீ லேஸ் சுற்றுவதை நிறுத்திவிட்டு அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இருப்பாங்கம்மா. விசாரிச்சு... சனிக்கிழமை வந்து சொல்றேன்."

"ஒருத்தியும் இல்லேன்னு சொல்லேன்" என்றாள் அவள். முந்தானையில் முடிந்திருந்த ஒரு ரூபாயை எடுத்து டப்பாவில் போட்டுவிட்டுப் படியேறினாள். கதவு பாதி சாத்தியாகிவிட்டது.

"இருங்கம்மா."

நஸ்ருன்னிசா டப்பாவைக் கீழே வைத்தாள். சொம்பில் மிச்சமிருந்த தண்ணீரைக் குடித்தாள். முகத்திரையை மேலே தள்ளினாள்.

"நஸ்ரு, வெள்ளிக்கிழமை..." என்றான் இனாயத்.

"தெரியும், அண்ணே."

கழுத்துக் கொக்கியை அவிழ்த்து, துப்பட்டாவை விலக்கி, இடது காதைக் கூடத்துத் திரையின் பக்கம் திருப்பிக்கொண்டு நின்றாள்.

"வெளியே வந்து நீயே எண்ணிப் பாரும்மா. ஒன்பது தழும்பு இருக்கும்."

அமீனா பீயின் மடியிலிருந்து லேஸ் உருண்டு படியில் இறங்கியது. இனாயத் மெதுவாக மப்ளரைச் சுற்றிச் சுற்றிக் கழற்றினான். அவன் கழுத்தில் வேர்க்குருவைத் தவிர ஒன்றுமே இல்லை.