ராசிக்காரி

செண்பகவல்லியின் மெஸ்ஸில் இரண்டு கிரைண்டர்கள்; ஒன்று சிவப்பு, ஒன்று பச்சை. மாவு நன்றாகப் பொங்கி வருகிறதென்று சிவப்புக்கு 'ராசிக்காரி' என்றே பெயர் வைத்துவிட்டாள் அவள். அரிசி, உளுந்து, அடை மாவு எல்லாமே அதில்தான். பச்சைக்குச் சும்மா இருக்கிற உத்தியோகம். பார்க்கப் பார்க்க அதற்கு வயிறு எரிந்தது.

"உடம்பெல்லாம் கொதிக்குதுடி," என்றது சிவப்பு. "ஒரு தடவையாவது நீ அரைக்கக் கூடாதா?"

"பெருமைய இப்படியும் பீத்திக்கலாம் போல!" என்று நொடித்தது பச்சை.

ஆயுத பூஜை வந்தது. அன்று கருவிகளுக்கெல்லாம் ஓய்வு. சிவப்பின் உடம்பைச் சுற்றிச் சந்தனம், குங்குமம், சாமந்தி மாலை. பச்சைக்கு ஒரு பொட்டுகூடக் கிடையாது. அந்த நேரம் பார்த்து, நாளைக்கு முந்நூறு இட்லி வேண்டுமென்று போன் வந்தது.

"இன்னைக்கு ஒரு நாள் மட்டும் பொறுத்துக்க, ராசிக்காரி," என்று கன்னத்தில் போட்டுக்கொண்டு, மாலையோடு சுவிட்சைத் தட்டினாள் செண்பகவல்லி.

மூன்றாவது தடவை அரைக்கும்போது புகை வந்தது. சிவப்பு நின்றேவிட்டது.

"ஐயோ!" என்றவள், அதை மூலைக்குத் தள்ளிவிட்டு மாலையைக் கழற்றிப் பச்சைக்குப் போட்டாள். "இனிமே நீதான்டி என் ராசிக்காரி."

பச்சைக்கு வயிறு குளிர்ந்துபோனது. மூலையைப் பார்த்து, "பாத்தியா?" என்றது.

"பாத்தேன்," என்றது சிவப்பு, கருகின குரலில். "பூ இன்னும் சுடுதா?"