பெருநாள் நெருங்கினால் ஏறும் விற்பனை

“இவன் வாயில இன்னைக்கு வரைக்கும் ஒரு துண்டு கறி பட்டதில்ல, மகளே” என்றார் ஹாஜி மிலூத், மார்பில் கைவைத்து.

புதினாத் தேநீரைக் கீழே வைத்துவிட்டேன்.

வாசலில் கட்டியிருந்த பழுப்பு நாய் கொழுகொழுவென்று இருந்தது. அதன் தட்டில் எங்கள் கம்பெனித் தீனி. பட்டாணியும் கொண்டைக்கடலையும் அரைத்துச் செய்த உருண்டைகள். நாய்க்குச் சைவச் சாப்பாடு. காசாபிளாங்காவில் இதை விற்கக் கிளம்பிய முதல் கம்பெனி நாங்கள்தான். கடைசிக் கம்பெனியும் நாங்களாகத்தான் இருப்போம் போலிருந்தது.

மறுநாள் காலை பாரிசிலிருந்து முதல் போடுகிறவர்கள் வருகிறார்கள். “மடியில நாயை வச்சிருக்கிற சீமாட்டிகளக் காட்டிக் காட்டி அவங்களுக்கு அலுத்துப்போச்சு” என்று எங்கள் முதலாளி லுப்னா மேடம் சொல்லியிருந்தார். “சாதாரண ஜனத்துல ஒரு முகத்தக் கொண்டா. இல்லாட்டி கடையச் சாத்திட்டு அவங்கவங்க வேற வேலை தேடிக்கலாம்.”

அதற்காகத்தான் இந்தத் தெருவுக்கு வந்தேன். மற்ற பேட்டைகளில் எங்கள் சரக்கு தூங்கும். இங்கே மட்டும் ஹஜ்ஜுப் பெருநாள் நெருங்கினால் போதும், மூட்டை மூட்டையாகப் போகும். மூன்று வருடமாக இதே கதை.

காரணத்தை அறிக்கையில் எழுதியவள் நான்தான். வீட்டுக்கு வீடு மொட்டை மாடியில் குர்பானி ஆடு கத்தும்போது மனசாட்சி குத்துகிறது. தன் தட்டை மாற்ற முடியாதவர் தன் நாயின் தட்டையாவது மாற்றுகிறார்.

மேடத்துக்கு அந்த வரி ரொம்பப் பிடித்துப்போய் தீனிப் பையிலேயே அச்சடித்துவிட்டார்.

உண்மையில் அது என் சொந்தக் கதை. நான்கு வருடமாக நான் கறி தொடுவதில்லை. பெருநாளன்று வீடே ஈரலைக் கொழுப்பில் சுற்றிச் சுட்டுத் தின்னும்போது எனக்கு மட்டும் வேகவைத்த காரட். “இவளுக்கு ஒரு கட்டுப் புல்லு வாங்கிப் போடுங்க, ஆட்டோட சேந்து மேயட்டும்” என்பான் அண்ணன். இந்த ஊரில் என்னைப் போல இன்னும் ஒரே ஒரு ஜீவன் இருக்கிறது என்று தெரிந்தால் போதும் என்று ஏங்கிக் கிடந்தேன்.

இதோ, நெற்றியில் தொழுகைத் தழும்போடு ஒருவர்.

“எப்போலேருந்து ஹாஜி?”

“குட்டியிலேருந்து. பால் மறந்ததும் நேரா இதுதான். கறிய மூக்குக்கு நேரா நீட்டினாலும் மூஞ்சியத் திருப்பிக்குவான்.”

“ஏன் இப்படி ஒரு முடிவு?”

“என்ன கேள்வி இது? ரத்த ருசி ஒரு தடவ நாக்குல ஏறிடுச்சுன்னா அப்புறம் நம்ப முடியுமா? மனுசனையே நம்ப முடியல.”

அப்படியே எழுதிக்கொண்டேன்.

“தம்பி, மச்சான், எதிர்வீட்டுக்காரன், எல்லார்கிட்டயும் சொன்னேன். முதல்ல சிரிச்சாங்க. இப்ப தெருவே மாறிடுச்சு.”

தெருவே மாறிவிட்டது, ஒரே ஒரு கிழவரால். எனக்கு அழுகை வந்துவிட்டது. அதை மறைக்கவும் இல்லை.

அவரை நாயோடு ஒரு படம் எடுத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டேன்.

“இங்க வேணாம். அவன் வேலை பாக்கற இடத்துல எடு. அங்கதான் நல்லா இருப்பான்.”

கயிற்றை அவிழ்த்தார். நாய் வழி தெரிந்து முன்னால் நடந்தது. வீட்டுக்குப் பின்பக்கம் ஒரு பெரிய இரும்புக் கதவு. ஹாஜி தோளால் தள்ளித் திறந்தார்.

உள்ளே ஒரு பக்கம் முழுக்கச் செம்மறிகள். குர்பானிக்கு வாங்கியவர்கள் பெருநாள் வரை இங்கே விட்டுவைத்தவை, முதுகில் சாய அடையாளத்தோடு. மறுபக்கம் வரிசையாகக் கொக்கிகள், கொக்கிக்கு ஒன்றாகத் தோலுரித்த ஆடு. நாய் நேராகப் போய்த் தொங்கும் ஆடுகளுக்கு அடியில் படுத்துக் கண்ணை மூடிக்கொண்டது.

“தலையத் தூக்கறானா பாரு” என்றார் ஹாஜி பெருமையாக. “முன்னாடி ஒருத்தன் இருந்தான், கறி தின்னு வளந்தவன். வாரத்துக்கு ஒரு தொடை காணாமப் போயிடும். ஒரு தடவ உசுரோட இருந்த ஆட்டையே கடிச்சுட்டான். இந்தத் தெரு முச்சூடும் கறிக்கடைக்காரங்க வீடுதானே. பெருநாள் வந்தா கொட்டகைக்கு ரெண்டு நாய் வேணும். கறி அறியாத நாயா வேணும்.”

கேமரா பைக்குள்ளேயே கிடந்தது.

“நானும் கறி சாப்பிடறதில்ல, ஹாஜி” என்றேன். எதற்காக அவரிடம் போய்ச் சொன்னேன் என்று இன்னும் புரியவில்லை.

அவர் சிரிக்கவில்லை. என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“எத்தன வருசமா?”

“நாலு.”

“ஈரல்கூட?”

“வாடையே ஆகாது.”

“மாஷா அல்லாஹ்” என்றார். மனதாரச் சொன்னார். நான் கறி தின்பதில்லை என்று கேட்டு அப்படிச் சொன்ன முதல் மனிதர் அவர்தான்.

பிறகு பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினார். “கடையில நிக்கறவன் என் அக்கா மகன். தினமும் அங்கிக்குள்ள ஒரு துண்டு ஒளிச்சுக்கிட்டுப் போறான். பெருநாள் முடியற வரைக்கும் நீ வந்து உக்காரேன் மகளே. உன்ன மாதிரி ஒரு ஆளத்தான் தேடிக்கிட்டிருந்தேன்.”

சம்பளம் எவ்வளவு என்று கேட்டேன்.