திறக்காத ஃபைல்

“பேரை மாத்திப் பார்த்தேன்க்கா. அப்பவும் திறக்க மாட்டேங்குது.”

தம்பி பென் டிரைவை மேசைமேல் வைத்தான். அக்காவுக்குத் தொழிலே வீடியோ எடிட்டிங். வீட்டின் பின்னறையில் இரண்டு மானிட்டர்கள், இரண்டு ஸ்பீக்கர்கள், வெளிச்சம் வராமலிருக்க ஜன்னலுக்குத் தடித்த கறுப்புத் துணி.

“பேரை மாத்தினியா? எப்படி?”

“கடைசியில ஏதோ புரியாத எழுத்து இருந்துச்சு. அதை அழிச்சிட்டு எம்பி4-னு போட்டேன்.”

“வாசல்ல பேர்ப்பலகையை மாத்திட்டா, உள்ள குடியிருக்கிறவங்க மாறிடுவாங்களாடா?”

சிரிக்க வேண்டிய இடம்தான். இருவரும் சிரிக்கவில்லை. அக்கா ஆபரேஷன் முடிந்து படுத்திருந்தபோது, அவளிடம் ஒரு வார்த்தை கேட்காமல் தம்பி அப்பாவை முதியோர் இல்லத்தில் சேர்த்திருந்தான். அதற்குப் பிறகு இன்றுதான் நேரில் பார்க்கிறார்கள்.

“ஞாயித்துக்கிழமை அப்பாவை இங்க கூட்டிட்டு வரப்போறேன்,” என்றாள் அக்கா.

“முதல்ல இதைப் பாரு. அவர் வீட்டு ஹால் கேமராவில பதிவானது. சாயங்காலம் ஆனா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, தனியா பேசிக்கிட்டே இருப்பார். ஆபீஸ்ல இருந்து போன்ல பார்ப்பேன். அவருக்குப் புத்தி பிசகிடுச்சு. இதைப் பார்த்த பிறகும் உன்னால சமாளிக்க முடியும்னா கூட்டிட்டு வா. நான் குறுக்கே நிக்கல.”

“யாரோட பேசறீங்கன்னு போன் பண்ணிக் கேட்டிருக்கலாமே.”

“அவருக்குப் போன்ல எங்க கேக்குது? காதுக்குப் பக்கத்துல நின்னு கத்தினாத்தான் உண்டு. நீ மட்டும் என்ன, பேச முடியாமதானே போன் பண்றதையே விட்டே?”

அக்கா பென் டிரைவை எடுத்துக் கணினியில் செருகினாள்.

“இந்தக் கேமரா கம்பெனிக்காரன் தனக்குன்னு ஒரு பெட்டி செஞ்சு வெச்சிருக்கான். அவன் சாவி போட்டாத்தான் திறக்கும். ஆனா உள்ள இருக்கிற படம் ஊர் உலகத்துல எல்லாரும் பயன்படுத்தறதுதான். அதை வெளிய எடுத்து, எல்லாரும் திறக்கிற பெட்டியில வெச்சுட்டா முடிஞ்சுது. படத்துல கையே வைக்க வேண்டாம். ஒரு புள்ளி கூடக் குறையாது.”

வேலையைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டால் அவள் குரலில் கோபம் தங்காது.

“ஹோம்ல எப்படி இருக்கார்?” என்று கேட்டாள், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

“நல்லாத்தான் இருக்கார். போன அன்னிக்கு மட்டும் ரூம் சுவரையெல்லாம் அண்ணாந்து பார்த்துத் தேடிக்கிட்டே இருந்தாராம். அப்புறம் அந்தப் பேச்சு சுத்தமா நின்னுபோச்சு. மருந்து வேலை செய்யுதுன்னு டாக்டர் சொன்னார்.”

“எதுக்கு மருந்துன்னு டாக்டருக்கு யார் சொன்னது?”

“நான்தான். பார்த்ததைச் சொன்னேன்.”

ஃபைல் திறந்தது.

அப்பா தலையைப் படிய வாரி, கழுத்துப் பொத்தான்வரை போட்ட சட்டையோடு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். நிமிர்ந்து நேரே பார்த்தபடி உதடுகளை அசைத்தார். முழங்காலைத் தடவிக் காட்டினார். கொஞ்சம் சிரித்தார். ஏதோ கேட்பதுபோல் கையை விரித்தார். ஸ்பீக்கரிலிருந்து சின்னச் சத்தம்கூட வரவில்லை.

“பார்த்தியா?” என்றான் தம்பி. “நான் வேணும்னேவா செஞ்சேன்?”

அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு, “ஏன்டா சத்தம் வரல?” என்றாள்.

“இதுல சத்தமே கிடையாதுக்கா. போன்ல பார்த்தப்போ ஒரு நாள்கூட வந்ததில்ல.”

“கிடையாதா? பழைய பெட்டியில ரெண்டு சாமான் இருக்குன்னு காட்டுதே.” திரையில் ஒரு வரியைத் தொட்டுக் காட்டினாள். “ஒண்ணு படம். அதைப் புதுப் பெட்டி வாங்கிக்கிச்சு. இன்னொண்ணு பழைய டெலிபோன் காலத்து முறையில எழுதின சத்தம். அது இந்தப் பெட்டிக்கு ஒத்துக்கல, வெளியவே விட்டுடுச்சு. தப்பு என்னோடதுதான். படத்தை அப்படியே விட்டுட்டு, சத்தத்தை மட்டும் வேற முறையில மாத்தி எழுதியிருக்கணும்.”

விசைப்பலகையில் புதிதாக ஒரு கட்டளை தட்டினாள். மறுபடி ஓடவிட்டாள்.

முதலில் மின்விசிறியின் கடகட ஒலி வந்தது. பிறகு, காது கேளாதவர்களுக்கே உரிய உரத்த குரலில், அப்பா.

“சின்னவனே, நான்தான்டா. முட்டி வலி இன்னிக்குத் தேவலாம். அக்காவுக்கு ஆபரேஷன்னு பக்கத்து வீட்டுல எழுதிக் காட்டினாங்க, எப்படி இருக்கா? நீ பதில் சொன்னா எனக்குக் கேக்காதுதான். ஆனா இதை மாட்டின அன்னிக்கு என் காதுல கத்திட்டுப் போனியே, ‘இதுக்கு முன்னாடி உட்கார்ந்து பேசுங்கப்பா, அங்க எனக்குக் கேக்கும்’னு. அதான் தினமும் வந்து உட்கார்ந்துடறேன்.”

அன்று தான் சொன்னதையே மறந்துவிட்டிருந்த தம்பி, சட்டைப்பையிலிருந்த போனைத் தேடி எடுத்தான்.

“அப்ப... இதுல மட்டும் ஏன்க்கா...”

அக்கா அதை வாங்கி, கேமரா ஆப்பைத் திறந்து, மூலையில் விரலை வைத்தாள்.

“இந்த ஸ்பீக்கர் படத்து மேல குறுக்கா ஒரு கோடு இருக்கு பார்,” என்றாள். “அதை ஒரு தடவை தொட்டா போதும். கேக்கும்.”