வெள்ளிக்கிழமை பூட்ஸ்

“இன்னொரு பூட்ஸோ?”

ஆரணனுக்கு அந்தக் கடைக்குள்ளேயே தலையில் அடித்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது. அவன் மனைவி சயந்தினி கண்ணாடிக்கு முன்னால் நின்று, மேல் விளிம்பில் ரோமம் வைத்த பழுப்பு நிற பூட்ஸைத் திருப்பித் திருப்பி அழகு பார்த்துக்கொண்டிருந்தாள்.

இந்தக் குளிர் நாட்டில் குளிர்காலம் தொடங்கியதிலிருந்து இது மூன்றாவது சோடி. முந்தியவை தேயவுமில்லை, கிழியவுமில்லை. கோயில் வாசலில் காணாமல் போயின.

புது பூட்ஸோடு வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போவாள். திரும்பி வரும்போது யாருடையதோ, அடி பிளந்த கன்வஸ் சப்பாத்து அவள் காலில் இருக்கும். கேட்டால், ஆரோ மாறிப் போட்டுக்கொண்டு போய்விட்டார்கள் என்பாள். அவளுக்குக் கோபம்கூட வராது. ஒலிபெருக்கியில் அறிவிக்கச் சொன்னால் வெட்கம் என்பாள். பையில் போட்டு உள்ளே கொண்டுபோகச் சொன்னால், சாமிக்கு முன்னால் சப்பாத்தா என்று அவனையே முறைப்பாள்.

“உமக்கு வடிவான சப்பாத்தே சரிவராது. கோயிலுக்குப் பழைய செருப்போட போம்.”

“இந்தக் குளிருக்கோ?”

ஆரணன் முணுமுணுத்துக்கொண்டே வாங்கிக் கொடுத்தான். ஆனால் இந்தத் தடவை அந்தக் கள்ளியைக் கையும் களவுமாகப் பிடிப்பது என்று முடிவு செய்துவிட்டான். பிறத்தியாரின் நல்ல பூட்ஸை எடுத்துக்கொண்டு தன்னுடைய கிழிசலை விட்டுப் போகிற பக்தையின் முகத்தை அவன் ஒருமுறை பார்க்க வேண்டும்.

வெள்ளிக்கிழமை அவளை இறக்கிவிட்டு, காரை வழமையான இடத்தில் நிறுத்திவிட்டுத் திரும்பி நடந்து வந்தான். கோயில் வாசலில் அறிவித்தல் பலகைக்குப் பின்னால் ஒதுங்கி, சப்பாத்துத் தட்டையே பார்த்துக்கொண்டு நின்றான்.

உள்ளே பூசை முடியுமுன்னரே ஒருத்தி அவசரமாக வெளியே வந்தாள்.

சயந்தினி.

தன் பூட்ஸை அவள் திரும்பியும் பார்க்கவில்லை. கீழ்த் தட்டிலிருந்து ஒரு பழைய கன்வஸ் சப்பாத்தை எடுத்து மாட்டிக்கொண்டு, மழைக்குள் இறங்கி விறுவிறுவென்று நடந்தாள்.

அவள் விட்டுப் போனதை ஆர் எடுக்கிறார் என்று பார்க்க ஆரணன் அங்கேயே நின்றான்.

சனம் எல்லாம் கலைந்தது. கடைசியில் மெல்லிய ஜாக்கெட் போட்ட ஓர் இளம்பெண் வந்து தட்டுத் தட்டாகத் தேடினாள். சயந்தினியின் பூட்ஸ் மட்டும்தான் மிச்சம். கதவு பூட்ட வந்தவர், அவளுடையதை ஆரோ மாறிக் கொண்டுபோயிருப்பார்கள் என்று சொல்லி, இதைப் போட்டுக்கொண்டு போகச் சொன்னார். அவள் தயங்கித் தயங்கி, வெறுங்காலோடு ஒருமுறை வாசலை எட்டிப் பார்த்தாள். பிறகு வேறு வழியில்லாமல் காலைத் திணித்து நுழைத்தாள்.

ஆரணன் காருக்கு வந்தபோது, சயந்தினி ஈரச் சப்பாத்தோடு நடுங்கிக்கொண்டு நின்றாள். இன்றைக்கும் பூட்ஸ் மாறிப் போய்விட்டது என்று தொடங்கினாள்.

“நான் பாத்துக்கொண்டுதான் நிண்டனான்.”

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். காருக்குள் ஏறியதும் சொன்னாள்.

“மற்ற ரெண்டு பேரையும் போல இதுவும் ஊரிலயிருந்து புதுசா வந்த பிள்ளை. முந்தி ஒருத்திக்கு ஜாக்கெட் ஒண்டு குடுக்கப் போய், அவ அழுதுகொண்டு திருப்பித் தந்திட்டா. குடுத்தா வாங்க மாட்டினம். மாறிப் போச்செண்டால் போட்டுத்தானே ஆகவேணும்.”

ஆரணன் ஹீற்றரை அவள் கால் பக்கம் திருப்பிவிட்டான். எரிச்சல் மட்டும் அடங்கவில்லை.

“அதுக்கு உம்மட காலளவிலயோ வாங்கிறது? அந்தப் பிள்ளை இறுகி நொண்டி நொண்டிப் போகுது. நாளைக்கு வாரும், கடைக்குப் போவம். இனி ஒரு சைஸ் பெரிசாப் பாத்து எடும்.”